கம்பெனி ஊர் என்றால் என்ன? கனடாவின் இரண்டு மரக்கூழ் ஆலை ஊர்களின் கதை

வேலை கொடுக்கும் நிறுவனமே நாம் குடியிருக்கும் வீட்டுக்கும், வீட்டு வாசலில் ஓடும் தெருவுக்கும், தெருமுனைக் கடைக்கும், மருத்துவமனைக்கும், இரவில் எரியும் விளக்குக்கும் சொந்தக்காரராக இருந்தால், அந்த ஊரைக் கம்பெனி ஊர் என்று சொல்கிறோம். பெரிய ஆலை இருக்கிற ஊரெல்லாம் கம்பெனி ஊர் ஆகிவிடாது. ஊர் முன்பே இருந்து ஆலை பிற்பாடு வந்து சேர்ந்திருந்தால், ஆலை மூடிய பிறகும் சந்தை, வயல், துறைமுகம் என்று ஏதாவது ஒரு பிடிமானம் மிஞ்சும். கம்பெனி ஊரில் முதலில் வந்தது ஆலை. அந்த ஆலைக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள், அந்த ஆட்களுக்குத் தங்குமிடம் தேவைப்பட்டது, அதனால்தான் ஊர் உண்டானது.

வரையறையை இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் பாதிதான் புரியும். ஒரே நிறுவனத்தை நம்பி ஆயிரக்கணக்கானவர்கள் வாழ்வது எப்படி இருந்தது, அந்த நிறுவனம் விலகியபோது என்ன நடந்தது என்பதை உண்மையான ஊர்களில் வைத்துப் பார்த்தால்தான் இதன் முழுப் பொருளும் விளங்கும். அதற்குக் கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள ஓஷன் ஃபால்ஸ், பவல் ரிவர் என்ற இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே வகைக் காட்டை நம்பி, ஒரே பொருளைச் செய்வதற்காக எழுந்தவை. இன்று பவல் ரிவரில் சுமார் 14,000 பேர் வாழ்கிறார்கள். ஓஷன் ஃபால்ஸில் குளிர்காலத்தில் சில பத்துப் பேர் இருந்தாலே அதிகம். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து பார்க்கலாம்.

ஆலை ஏன் அந்த மூலையில்?

மரம் என்பது நுண்ணிய செல்லுலோஸ் இழைகளை லிக்னின் என்ற இயற்கைப் பசை இறுக்கிப் பிடித்திருக்கும் கட்டு. அந்த இழைகளைப் பிரித்துத் தண்ணீரில் கலந்த நிலையில் கிடைப்பதே மரக்கூழ். பிரிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, மரக்கட்டையைச் சுழலும் பெரிய அரைகல்லின் மேல் அழுத்தி, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே அரைப்பது. இதில் மரத்தில் பெரும்பகுதி கூழாகிவிடும். ஆனால் இழைகள் அறுபட்டுக் குட்டையாகிவிடுவதால் காகிதம் வலுவாக இராது. அதோடு கல்லைச் சுழற்ற அளவில்லாத மின்சாரம் வேண்டும். இரண்டாவது வழி, மரத்தைச் சிறு சில்லுகளாக்கி, கந்தகச் சேர்மம் கலந்த கரைசலோடு உயர்ந்த கொதிகலனில் அடைத்து வேகவைத்து லிக்னினைக் கரைத்துவிடுவது. இதில் மரத்தில் பாதியளவே கூழாகக் கிடைக்கும், ஆனால் இழைகள் நீளமாக, வலுவாக இருக்கும். அந்தக் காலத்துச் செய்தித்தாள் காகிதத்தில், அதாவது நியூஸ்பிரிண்டில், ஏறக்குறைய முக்கால் பங்கு அரைத்த கூழும் கால் பங்கு வேகவைத்த கூழும் கலந்திருந்தன.

கூழ் காகிதமாகும் இடத்தை அருகில் நின்று பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் தலைப்பகுதியில் கொட்டுவது கூழ் என்று சொன்னால் நம்ப முடியாது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீர்தான், லேசாகப் பால் கலங்கியது போல இருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும் அகன்ற கம்பிவலையின் மேல் விழுகிறது. சில நொடிகளில் தண்ணீர் வலைக்குக் கீழே வடிந்துவிட, இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஈரத் துணி போன்ற படலமாகின்றன. அந்தப் படலம் உருளைகளுக்கிடையில் பிழியப்பட்டு, நீராவியால் சூடேறிய பல உருளைகளைச் சுற்றி உலர்ந்து, மறுமுனையில் காகிதச் சுருளாக வந்து சேர்கிறது. ஈர முனைக்கும் உலர் முனைக்கும் நடுவில் எங்காவது படலம் அறுந்துவிட்டால், வேலையாட்கள் அந்தச் சூட்டிலும் இரைச்சலிலும் ஓடிப்போய் அதை மறுபடி கோத்துவிட வேண்டும். இயந்திரம் இரவும் பகலும் நிற்காது. அதனால் ஆட்களும் ஷிப்டு முறையில் எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். ஆலைக்குப் பக்கத்திலேயே ஊர் வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆக, கூழ் ஆலைக்கு மரம், தண்ணீர், மின்சாரம், சரக்கை ஏற்றிச்செல்லக் கப்பல் என்று நான்கும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கரையில் இவை நான்கும் ஒன்றாகக் கிடைத்தன. மலைகள் நேராகக் கடலுக்குள் இறங்குகின்றன. அவற்றின் சரிவெல்லாம் ஹெம்லாக், ஸ்புரூஸ், சிடார் மரங்கள் அடர்ந்த மழைக்காடு. வெட்டிய மரங்களைக் கடலில் தள்ளித் தெப்பமாகக் கட்டி இழுவைப் படகால் ஆலை வாசல் வரைக்கும் இழுத்து வந்துவிடலாம், சாலையே வேண்டியதில்லை. உயரத்தில் இருக்கும் ஏரிகள் மிகக் குறுகிய ஆறுகளின் வழியாகக் கடலில் விழுகின்றன. பவல் ஏரியிலிருந்து கடலுக்கு ஓடும் ஆற்றின் நீளம் அரை கிலோமீட்டர் அளவுதான். ஓஷன் ஃபால்ஸில் லிங்க் ஏரியின் தண்ணீர் கிட்டத்தட்ட நேரடியாகவே கடலில் கொட்டுகிறது. ஊரின் பெயரே அந்த அருவியிலிருந்து வந்தது. ஏரியின் வாயில் ஓர் அணையைக் கட்டினால் மின்சாரம் தயார். ஆழமான கடல் என்பதால் கப்பல் ஆலைச் சுவரை ஒட்டியே நிற்கும்.

இயற்கை கொடுத்தது போதாதென்று அரசும் கைகொடுத்தது. கூழ் ஆலை கட்டுகிறவர்களுக்குப் பெரும் காட்டுப் பரப்பை மலிவான குத்தகைக்குத் தருவதாக மாகாண அரசு 1901-இல் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. நான்கு நிறுவனங்கள் அப்படிக் குத்தகை பெற்றன. அவற்றிலிருந்துதான் பவல் ரிவர், ஓஷன் ஃபால்ஸ், ஸ்வான்சன் பே, போர்ட் ஆலிஸ் என்ற நான்கு ஆலை ஊர்களும் பிறந்தன. சந்தையும் அருகிலேயே காத்திருந்தது. கலிபோர்னியாவின் நகரங்களும் அங்கு அச்சாகும் செய்தித்தாள்களும் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தன. 1913-இல் அமெரிக்கா சாதாரண நியூஸ்பிரிண்டின் மீதிருந்த இறக்குமதி வரியையும் எடுத்துவிட்டது.

இவ்வளவு வசதிகளும் கூடிய இடத்தில் ஒன்று மட்டும் இல்லை. ஆலைக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் குடியிருக்க நகரம் எதுவும் அங்கே இல்லை. ஓஷன் ஃபால்ஸ் வான்கூவரிலிருந்து வடமேற்கே சுமார் 480 கிலோமீட்டர் தள்ளி, ஒரு கடற்கழியின் உள்முனையில் இருக்கிறது. இன்றைக்கும் அங்கே போகச் சாலை கிடையாது. படகு அல்லது கடல் விமானம்தான். இப்படிப்பட்ட இடத்தில் ஆலையைக் கட்டுகிறவர் ஊரையும் சேர்த்துக் கட்டியே ஆக வேண்டும். கம்பெனி ஊர் என்ற ஏற்பாடு பெரும்பாலும் முதலாளியின் கருணையாலோ கொடுமையாலோ தொடங்குவதில்லை, இந்தத் தேவையினால்தான் தொடங்குகிறது. தொடங்கிய பிறகு அது தருகிற அதிகாரம் வேறு விஷயம்.

யாருடைய நிலம்?

ஊர் இல்லாத இடம் என்றேன். மனிதர்கள் இல்லாத இடம் என்று சொல்லவில்லை. கம்பெனிகளின் பழைய வரலாறுகள் 'வெற்றுக் காட்டில் உருவான நகரம்' என்ற பாணியிலேயே தொடங்கும். அது பிழை. பவல் ஆற்றின் முகத்துவாரத்தில் ட்லாமின் பழங்குடி மக்களின் டிஸ்க்வட் என்ற கிராமம் இருந்தது. ஆற்றில் ஏறிவரும் சாக்கை சால்மன் மீன்கள் அவர்களுக்கு உணவாகவும் வாழ்வின் ஆதாரமாகவும் இருந்தன. 1870-களில் அந்த நிலம் அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் தனியார் கைக்குப் போனது. பிறகு ஆலைக்காரர்களிடம் வந்தது. அணை எழும்பியதும் மீன்கள் ஏரிக்குப் போகும் வழி அடைபட்டது. ஆற்றுக்கு வைக்கப்பட்ட பெயரும் அவர்களுக்கு வலிக்கும் பெயர்தான். இஸ்ரேல் வுட் பவல் என்பவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பழங்குடி விவகாரங்களுக்கான கூட்டாட்சி அரசின் கண்காணிப்பாளராக இருந்தவர். அவர்களுடைய பண்பாட்டை ஒடுக்கிய கொள்கைகளை நடைமுறைப்படுத்தியவர்களில் ஒருவர். ஊரின் பெயரை மாற்றும்படி ட்லாமின் மக்கள் 2021-இல் கேட்டார்கள். ஓஷன் ஃபால்ஸ் இருக்கும் இடமும் ஹெயில்ட்சுக் மக்களின் பாரம்பரிய நிலம்.

கம்பெனி கட்டிய வாழ்க்கை

பவல் ரிவரைத் தொடங்கியவர்கள் அமெரிக்காவின் மின்னசோட்டாவிலிருந்து வந்த மர வியாபாரிகளான டுவைட் புரூக்ஸ், மைக்கேல் ஸ்கான்லன் இருவரும். 1912-இல் அங்கே முதல் நியூஸ்பிரிண்ட் சுருள் வெளிவந்தது. ஓஷன் ஃபால்ஸில் 1912-இல் கூழ் ஆலை ஓடத் தொடங்கினாலும் அதைக் கட்டிய நிறுவனம் சீக்கிரமே முடங்கிப்போனது. பிறகு பசிபிக் மில்ஸ் என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டு, 1917-இல் காகித இயந்திரங்களை ஓடவிட்டது. அதுதான் பிற்காலத்தில் கிரவுன் செல்லர்பாக் கனடா என்று பெயர் மாறியது.

பவல் ரிவரின் நகரியம் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. அக்காலத்தில் இங்கிலாந்தில் பேசப்பட்ட 'தோட்ட நகர்' கொள்கையின் சாயல் அதில் தெரியும்: வீட்டுக்கொரு தோட்டம், மரங்களின் பெயர் தாங்கிய தெருக்கள், பூங்கா, பொதுமண்டபம், திரையரங்கு. 1910-க்கும் 1930-க்கும் இடையில் எழுந்த சுமார் 400 கட்டிடங்கள் பெரும்பாலும் அப்படியே நிற்பதால், 1995-இல் கனடா அரசு அந்தப் பகுதியைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

ஓஷன் ஃபால்ஸின் அழகு வேறு மாதிரி. தட்டையான நிலமே அங்கு அரிது. ஆலையும் கடைவீதியும் கரையோரத்தில் நெருக்கியடித்து நிற்க, வீடுகள் பாறைச் சரிவில் படிப்படியாக ஏறிப்போயின. பாறையில் தார்ச்சாலை போட வழியில்லாததால் தெருக்களையே மரப்பலகையால் அமைத்தார்கள்; தூண்களின் மேல் நிற்கும் பலகைத் தெருக்களும் நீண்ட மரப்படிக்கட்டுகளும்தான் ஊரின் போக்குவரத்து. அதன் மேல் மழை. ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டும் மழை. சென்னையில் ஓராண்டில் பெய்வதைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால் கணக்குப் புரியும். ஊர்க்காரர்கள் தங்களை 'மழை மக்கள்' என்றே அழைத்துக்கொண்டார்கள். எந்நேரமும் நனைந்து வழுக்கும் பலகைகளின் மேல், மேல்சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஷிப்டுக்கு இறங்கும் ஆட்களும் ஷிப்டு முடிந்து ஏறும் ஆட்களும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு கடக்கும் காட்சிதான் அந்த ஊரின் அன்றாடம்.

மழையும் தனிமையும் சேர்ந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பொழுதுபோக என்ன இருக்கும்? கம்பெனி ஒரு மூடிய நீச்சல்குளம் கட்டியிருந்தது. அந்தச் சிறிய குளத்தில், ஜார்ஜ் கேட் என்ற பயிற்சியாளரிடம் பழகிய பிள்ளைகள் கனடாவின் தேசிய அணிக்கே ஆட்களைத் தந்தார்கள். அங்கே வளர்ந்த ரால்ஃப் ஹட்டன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் வெள்ளிப் பதக்கம் வென்றார். சிறுவயதில் அங்கே நீந்திப் பழகிய டிக் பவுண்ட் 1960 ஒலிம்பிக்கில் நீந்தினார். பின்னாளில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் முதல் தலைவரானார். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த, சாலையே இல்லாத ஓர் ஊர் இவர்களைத் தந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. கம்பெனி ஊர் என்றதும் சுரண்டலை மட்டுமே பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அங்கே வாழ்ந்தவர்களில் பலர் அந்த ஊரை இன்றும் பாசத்தோடு நினைக்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வாடகை குறைவு, வேலை நிச்சயம், மருத்துவமனை பக்கத்தில், கதவைப் பூட்டத் தேவையில்லாத அண்டை அயல்.

இதே ஏற்பாட்டின் மறுபக்கமும் உண்டு. வீட்டுச் சொந்தக்காரரும் வேலை கொடுப்பவரும் ஒருவரே என்னும்போது, வேலை போனால் வீடும் போகும். மேலாளரை எதிர்த்துப் பேசுகிறவர் அன்று மாலையே குடும்பத்தின் கூரையைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும். பவல் ரிவரில் 1930-களில் தொழிற்சங்கத்துக்கும் இடதுசாரி அரசியலுக்கும் ஆதரவாக நின்ற பலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டு ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். கம்பெனியின் பிடியில் வாழ விரும்பாதவர்கள் அதன் எல்லைக்கு வெளியே கிரான்பெரி, வெஸ்ட்வியூ, வைல்ட்வுட் என்ற குடியிருப்புகளில் தாங்களே நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். இந்தச் சிறு குடியிருப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பிற்பகுதியில் இவை முக்கியமாகின்றன. ஓஷன் ஃபால்ஸில் அப்படி விலகிப்போகவும் இடமில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செங்குத்தான மலை. நடுவில் இருப்பதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்.

இனப் பாகுபாடும் ஊரின் வரைபடத்திலேயே பதிந்திருந்தது. ஓஷன் ஃபால்ஸில் ஜப்பானியத் தொழிலாளர்களின் குடும்பங்கள் தனிப் பகுதியில் குடியிருந்தன. 1942-இல், ஜப்பானோடு போர் மூண்டதைக் காரணம் காட்டிக் கனடா அரசு மேற்குக் கரையில் வாழ்ந்த 20,000-க்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரைக் கட்டாயமாக வெளியேற்றியபோது, அந்தப் பகுதியும் காலியானது. அவர்களில் பெரும்பாலோர் கனடாவிலேயே பிறந்த குடிமக்கள்.

நாற்றமும் நஞ்சும்

கந்தகம் கலந்து கூழ் வேகவைக்கும் ஆலையைச் சுற்றி அழுகிய முட்டை போன்ற ஒரு நாற்றம் நிற்கும். கூழ் ஆலை ஊர்களில் வெளியூர்க்காரர் மூக்கைப் பொத்தினால், 'அது பணத்தின் வாசனை' என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வது வழக்கம். அந்த வாசனை நின்றுபோகிற நாளைத்தான் அவர்கள் அஞ்சினார்கள். கொதிகலன்களிலிருந்து பறக்கும் சாம்பல் கொடியில் காயும் துணிகளிலும் கார்களிலும் படியும். சில ஆலைகள் கார்களைக் கழுவுவதற்கென்றே தண்ணீர்த் தூவல்களை அமைத்துக் கொடுத்தன.

கண்ணுக்குத் தெரியாத சேதம் இன்னும் பெரியது. கூழை வெளுக்கக் குளோரின் வாயுவைப் பயன்படுத்தும்போது டையாக்சின் என்ற கொடிய நச்சுப்பொருள் உண்டாகிக் கழிவுநீரோடு கடலில் கலக்கிறது. வான்கூவருக்கு அருகில் ஹவ் சவுண்ட் என்ற கடற்கழியில் வுட்ஃபைபர், போர்ட் மெலன் என்று இரண்டு கூழ் ஆலைகள் இருந்தன. 1988-இல் அந்தக் கழியில் நண்டும் இறாலும் பிடிப்பதற்கு அரசு தடை விதித்தது. அதன் பிறகுதான் ஆலைகள் குளோரினை விட்டு வேறு வெளுப்பு முறைக்கு மாறின. காட்டை வெட்டியதால் கிடைத்த கூலியைக் கணக்கில் எழுதிய ஊர்கள், கடலிலிருந்து எடுத்துக்கொண்டதை நெடுங்காலம் கணக்கிலேயே எழுதவில்லை.

1955-உம் 1973-உம்

இனித் தொடக்கத்தில் விட்டுவைத்த கேள்விக்கு வரலாம். 1950-களில் இரண்டு ஊர்களும் உச்சத்தில் இருந்தன. பவல் ரிவர் ஆலை உலகின் மிகப் பெரிய நியூஸ்பிரிண்ட் ஆலைகளில் ஒன்று. ஓஷன் ஃபால்ஸில் சில ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட மார்ட்டின் இன் என்ற பெரிய விடுதியே அங்கே இருந்தது.

1955-இல் பவல் ரிவரில் ஒரு மாற்றம் நடந்தது. கம்பெனியின் நகரியமும், எல்லைக்கு வெளியே வளர்ந்திருந்த கிரான்பெரி, வெஸ்ட்வியூ, வைல்ட்வுட் குடியிருப்புகளும் இணைந்து ஒரே நகராட்சியாயின. கம்பெனி தன்னிடமிருந்த வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்றது. வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரு நிர்வாக நடவடிக்கைதான். உண்மையில் அன்றைக்குத்தான் பவல் ரிவர் கம்பெனி ஊர் என்ற நிலையிலிருந்து, ஆலை இருக்கும் ஊர் என்ற நிலைக்கு மாறியது. வீட்டுக்குப் பத்திரம் குடும்பத்தின் பெயரில். தெருவுக்கும் குடிநீருக்கும் பொறுப்பு, வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றத்திடம். பிற்காலத்தில் ஆலையில் ஆட்கள் குறைந்தபோதும், விரும்பினால் அங்கேயே இருந்துவிட ஒரு காரணமும் உரிமையும் அவர்களுக்கு இருந்தன.

ஓஷன் ஃபால்ஸில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆலையின் இயந்திரங்கள் பழசாகிப்போயின. மற்ற இடங்களில் அகலமும் வேகமும் கூடிய புதிய இயந்திரங்கள் வந்துவிட்டன. நெருக்கடியான நிலத்தில் ஆலையை விரிவாக்கவும் இடமில்லை. கிரவுன் செல்லர்பாக் நிறுவனம் 1973-இல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. ஆலையை மூடுவது என்றால் ஊரையே மூடுவது என்றுதான் பொருள். ஏனென்றால் எல்லாமே நிறுவனத்தின் சொத்து.

அப்போது ஆட்சிக்குப் புதிதாக வந்திருந்த டேவ் பாரெட் தலைமையிலான மாகாண அரசு குறுக்கிட்டது. ஏறத்தாழ 10 லட்சம் டாலருக்கு ஆலையையும் ஊரையும் சேர்த்தே வாங்கிவிட்டது. ஒரு பெரிய ஆலையும் ஒரு முழு ஊரும் அந்த விலைக்குப் போனது என்பதே, உரிமையாளர் அவற்றை எந்த அளவுக்குச் சுமையாகக் கருதினார் என்பதைக் காட்டும். ஏழாண்டுகள் அரசே நடத்தியும் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. 1980-இல் ஆலை நின்றது. முதலாளி மாறினாலும் வீடுகள் குடியிருப்போருக்குச் சொந்தமாகவில்லை என்பதால், வேலை முடிந்ததும் மக்கள் புறப்படுவதைத் தவிர வேறு வழி இல்லை. 1980-களின் நடுவில் கட்டிடங்களை இடிக்க இயந்திரங்கள் வந்தபோது, எஞ்சியிருந்த சிலர் எதிர்த்து நின்று சிலவற்றைக் காப்பாற்றினார்கள். இடிக்காமல் விட்டவற்றை மழை தின்றுகொண்டிருக்கிறது.

சொந்த வீடு மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் சொல்ல வேண்டும். மாகாண அரசு 1965-இல் 'உடனடி நகரங்கள்' சட்டம் ஒன்றை இயற்றியது. புதிய ஆலைக்கு ஊர் கட்டும்போதே அதைக் கம்பெனியின் கையில் விடாமல், முதல் நாளிலிருந்தே நகராட்சியாக அமைத்து, வீடுகளை மக்களுக்கே விற்பது அதன் நோக்கம். வான்கூவர் தீவில் கோல்ட் ரிவர் அப்படி எழுந்த ஊர். 1967-இல் அதன் கூழ் ஆலை ஓடத் தொடங்கி 1999-இல் மூடியது. அங்கே வீடு குடும்பத்தின் சொத்துதான். ஆனால் ஒரே ஆலையை நம்பிய ஊரில் அந்த ஆலை மூடிய மறுநாள் அந்த வீட்டை வாங்க யார் வருவார்? வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் வீட்டில் போட்டவர் அங்கேயே கட்டுண்டுபோவார். எனவே சொந்த வீட்டோடு, ஆலையைச் சாராத வேறு பிழைப்பும், வெளியே போய்வர வழியும் இருந்தால்தான் ஊர் தாங்கும். பவல் ரிவருக்கு இந்த மூன்றும் ஓரளவு வாய்த்தன. அங்கே போக இரண்டு முறை படகு ஏற வேண்டும் என்றாலும், ஒரே நாளில் வான்கூவரிலிருந்து சென்று சேர்ந்துவிடலாம்.

இப்போது

பவல் ரிவர் ஆலையும் கடைசியில் தப்பவில்லை. ஒரு காலத்தில் 2,500-க்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்த ஆலை, இயந்திரம் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டு, உரிமையாளர் ஒருவர் பின் ஒருவராக மாறி, செய்தித்தாள் அச்சிடுவதே உலகெங்கும் சுருங்கிவிட்ட நிலையில், 2021 டிசம்பரில் நின்றது. நிரந்தரமாக மூடுவதாக 2023-இல் அறிவிக்கப்பட்டது. ஆலைக்கு முன்னால் கடலில் ஒரு விசித்திரமான அலைத்தடுப்பு உண்டு: மரத் தெப்பங்கள் மிதக்கும் குளத்தை அலையிலிருந்து காக்க, பழைய கப்பல்களைச் சங்கிலியால் வரிசையாகப் பிணைத்து நிறுத்தியிருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்த போர்க்காலங்களை ஒட்டிக் கான்கிரீட்டால் கட்டப்பட்டவை. ஆலை ஓய்ந்தாலும் ஊர் ஓயவில்லை. வரலாற்று நகரியத்தின் வீடுகளில் புதிதாகக் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். 1928-இல் கட்டிய பாட்ரிசியா திரையரங்கில் இன்னும் படம் ஓடுகிறது. ட்லாமின் மக்களின் தன்னாட்சி உடன்படிக்கை 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சுற்றுவட்டார ஆட்சிப் பகுதி 2018-இல் பவல் என்ற பெயரை விட்டுவிட்டு, 'சேர்ந்து உழைப்பது' என்று அவர்கள் மொழியில் பொருள்படும் காத்தெட் என்ற பெயரை ஏற்றுக்கொண்டது.

ஓஷன் ஃபால்ஸில் எஞ்சியவர்கள் பெரும்பாலும் பழைய ஊரிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள மார்ட்டின் வேலி என்ற பகுதியில் வாழ்கிறார்கள். ஆலைக்காகக் கட்டிய அணை மட்டும் உழைத்துக்கொண்டே இருக்கிறது. ஆலை போனபின் அதன் மின்சாரத்தில் பெரும்பகுதி வாங்க ஆளில்லாமல் கிடந்ததால், 2018-இல் பழைய ஆலைக் கட்டிடத்தில் பிட்காயின் கணக்கிடும் கணினிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த அணையிலிருந்து மலையையும் கடலையும் தாண்டிச் செல்லும் ஒரு மின்கம்பி, ஹெயில்ட்சுக் மக்களின் முதன்மையான ஊராகிய பெல்லா பெல்லாவைச் சென்று சேர்கிறது. அங்கே வீடுகளில் எரியும் விளக்குகள் லிங்க் ஏரியின் தண்ணீரால் எரிகின்றன.